ஆட்டின் வயிற்றில் அடைத்த காற்று

“ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்த ஒத்தக் கையால பிடிச்சு, செத்துப்போன ஒரு ஆட்டுக்க வயித்தில அடைச்சு, நேத்து மத்தியானம் கோயிலுக்குள்ள பாட வச்சிட்டேன். சுதி இம்மிகூட விலகேல்ல.”

ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைகிற நேரம், மயிலாடியில் அந்தச் சின்னச் சபையின் வேப்பமரத்தடியில் நின்று செல்வதாஸ் இப்படிச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவர் கோபித்துக்கொள்வார் என்பதற்காக அல்ல. சிரித்தால் கதை அத்தோடு நின்றுவிடுமே என்கிற பயம்தான். காற்றாலைக் கம்பெனியில் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். காற்றாடியின் உச்சியில் நின்று அவர் ஒரு தும்மல் தும்ம, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் எவனோ ஒருவனுடைய குடை மடங்கிப்போன கதையை ஊரே கேட்டிருக்கிறது. ஓய்வு பெற்ற அன்று கம்பெனிக்காரர்கள் சால்வை போர்த்திவிட்டு, காற்றை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொண்டார்களாம். அது கேட்காமல் நாய்க்குட்டி மாதிரி அவர் பின்னாலேயே மயிலாடி வரைக்கும் வந்துவிட்டதாம். ஆனி, ஆடியில் ஊரில் எங்காவது கூரைத் தகரம் பறந்தால் ஆட்கள் முதலில் திரும்பிப் பார்ப்பது அவர் வீட்டைத்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பகவதியப்பன் நின்றிருந்தார். சிலை செதுக்குகிறவர். சபைக்காரர் அல்ல, ஆனாலும் ஆராதனை முடியும் நேரம் அறிந்து, உளியைப் பட்டறையில் போட்டுவிட்டு, புருவமெல்லாம் கல்தூளோடு வந்து மதிலில் முழங்கையை ஊன்றிக்கொள்வார். செல்வதாஸ் பேசுவதைக் கேட்காவிட்டால் அவருக்கு அந்த வாரம் ஓடாது.

“எந்த ஆடு ஓய்?” என்று அவர் விசாரித்தார்.

“ஒரு செவல வெள்ளாடு. நல்ல சாரீரம்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரே ஒரு தலை ஆடவில்லை. அது செல்வதாஸின் மனைவி தேவகனியுடையது.

“கள்ளம்,” என்றாள் தேவகனி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வேதப் புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சாம்பாரில் உப்புக் குறைவு என்று சொல்லுவதுபோலச் சொன்னாள். “எனக்க ஆர்மோனியப் பெட்டியத்தான் சொல்லுகிய. அதயும் ஒங்க கதைக்க உள்ள இழுத்துப் போட்டாச்சு. இனி நான் அதத் தொடமாட்டேன்.”

சொல்லிவிட்டு நடந்தாள். செருப்புச் சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. செல்வதாஸ் மரத்தடியிலேயே நின்றுவிட்டார். ஆயுளில் அவர் ஆயிரம் கதை சொல்லியிருக்கிறார், ஆயிரத்திலும் ஒரு கைப்பிடி உப்பு அதிகமாகத்தான் போட்டிருக்கிறார். இந்த ஒன்றில்தான் எதுவுமே சேர்க்கவில்லை. காற்று, ஆட்டு வயிறு, கோயில், சுதி, நான்கும் உள்ளது உள்ளபடிதான். ஒற்றைக் கை என்றது மட்டும் சும்மா.

நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தேவகனிக்கு ஒரு வழக்கம் உண்டு. கணவர் எது சொன்னாலும் பத்தால் வகுத்துவிட்டுத்தான் காதுக்குள் விடுவாள். சந்தையில் நூறு பேர் நின்றார்கள் என்றால் பத்துப் பேர். யானையைக் கண்டேன் என்றால் எருமை. கல்யாணமான புதிதில், உன்னைப் பெண்பார்த்துவிட்டுப் போன பிறகு பத்து நாள் தூங்கவில்லை என்று அவர் சொன்னபோது, சரி, ஒரு ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் என்று கணக்குப் போட்டு, அந்த ஒரு ராத்திரிக்கே மனம் நிறைந்துபோனவள்.

அந்தக் கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்ததுதான் ஆர்மோனியம். சபையில் பாட்டுக்கு அவள்தான் வாசிப்பாள். வாசிக்காத நேரத்திலும் அந்தப் பெட்டியின் சுதி அவள் மூக்குக்குள்ளேயே குடியிருந்தது. புட்டு அவிக்கும்போது ஒரு முனகல். துணி விரிக்கும்போது இன்னொன்று. கோபம் வந்தால் அதற்கென்று தனியாக ஒரு பாட்டு இருந்தது. மழைக்கு மேகம் பார்ப்பதுபோல அதை வாசலில் நின்று கேட்டுத்தான் செல்வதாஸ் உள்ளே போவதா, பகவதியப்பன் பட்டறைக்குப் போவதா என்று முடிவுசெய்வார். வீட்டில் கடிகாரம் ஓடாவிட்டாலும் அந்த முனகல் ஓடும்.

இதற்கு நடுவில்தான் தோல் வந்து சேர்ந்தது. ஓய்வு பெற்ற அடுத்த மாதம் செல்வதாஸ் போனில், யாரோ ஒருவர் தோலை வெட்டிப் பர்ஸ் தைப்பதைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில், போன பிறவியில் தான் ராஜாக்களுக்குக் குதிரைச் சேணம் தைத்தது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஊசி, கத்தி, ஆட்டுத்தோல் எல்லாம் வந்திறங்கின. அதன்பிறகு மயிலாடி பட்ட பாட்டைக் கல்லில்தான் செதுக்கி வைக்க வேண்டும்.

முதலில் வேதப் புத்தகங்களுக்கு உறை போட்டார். புத்தகத்தை மேஜைமேல் அகலத் திறந்து வைத்து, அதன்மேல் தோலை விரித்து, நூல் பிடித்ததுபோல அளவெடுத்துத் தைத்தார். திறந்திருக்கும்வரை ராஜகம்பீரம். மூடினால்தான் சிக்கல், மூடாது. மேஜையில் வைத்ததும் முதலைபோல மெல்ல வாயைத் திறக்கும். சபையில் பாதிப் பேர் வேதத்தின்மேல் கைவைத்து அமுக்கிக்கொண்டே பிரசங்கம் கேட்டார்கள். போதகர் வேதத்தில் சங்கீதப் பகுதியைத் தேடினால் அது தானாக யோபுவின் பகுதியைத் திறந்து காட்டியதாம். வேதத்தை மூடி வைக்க அந்தத் தோலுக்கு மனசு வரவில்லை, அப்படிப்பட்ட பக்தியுள்ள ஆடு அது என்று செல்வதாஸ் விளக்கம் சொன்னார்.

பகவதியப்பனுக்கு ஒரு பெல்ட். ஆடியில் இடுப்புக்குச் சரியாக இருந்தது ஐப்பசியில் இரண்டு சுற்று வந்தது. தையில் அதே பெல்ட்டைக் கட்டி இழுத்து ஒரு நந்தியை லாரியில் ஏற்றினார்கள். தேவகனியின் கடைப்பைக்கு வலைத்தொழில் செய்யும் ஒரு சிநேகிதரிடம் நைலான் நூல் வாங்கி வந்து தைத்தார். காய்கறி கனத்ததும் அந்த நூல் வாழைத்தண்டை அரிவதுபோலத் தோலை அரிந்துகொண்டு வெளியே வந்தது. இன்னொரு பைக்கு ஊசியே வேண்டாமென்று, தோட்டத்திலிருந்து ரப்பர் பால் கொண்டுவந்து ஒட்டினார். சித்திரை வெயிலில் பையின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டன. பகவதியப்பனின் கடப்பாரை வந்துதான் பஸ் கண்டக்டருக்குக் கொடுக்க உள்ளே போட்டிருந்த சில்லறை வெளியே வந்தது. ஒரு செருப்பை ஊற ஊற நனைத்து உச்சிவெயிலில் காயப்போட்டார், பப்படமாகப் பொரிந்தது.

ஒவ்வொரு தடவையும் ஒரு குற்றவாளி அகப்பட்டான். ஆடு சரியில்லை, வெயில் கடுமை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், பகவதியப்பனின் வயிறு குறைந்துவிட்டது. வருஷங்கள் போயின. நேற்றுத்தான் தொடங்கியவர் செய்கிற தப்புகளை அவர் அனுபவசாலியின் உறுதியோடு செய்துகொண்டிருந்தார்.

இந்த ஆனியில் ஆர்மோனியத்தின் துருத்தி லேசாக இருமத் தொடங்கியது. பெட்டியின் பின்னால் கையால் இழுத்து அமுக்குகிற பகுதிதான் துருத்தி; அதன் மடிப்புகளும் மூலைகளும் தோல். பழைய தோல் உலர்ந்து வெடிக்கப் பார்த்தது. சபையின் அசனத்துக்கு, அதுதான் ஊரே சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் சபை விருந்து, பெண்கள் சங்கம் பாட வேண்டிய பாட்டை தேவகனி அதில் பழக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் ஒரு உபகாரம் செய்யலாம் என்று செல்வதாஸுக்குத் தோன்றியது. நம்மூரில் தலைக்கும் தேங்காயெண்ணெய், கறிக்கும் தேங்காயெண்ணெய், முழங்கால் வலிக்கும் தேங்காயெண்ணெய். தோலுக்கு மட்டும் என்ன கேடு? ஆட்டிய புது எண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்து, பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோலத் துருத்தியின் மடிப்பு மடிப்பாகத் தேய்த்துவிட்டார்.

மறுநாள் காலையில் தேவகனி வந்து துருத்தியை இழுத்தாள். சத்தம் வரவில்லை. கிழவி ஒருத்தி நாற்காலியில் உட்காரும்போது விடுகிற மூச்சுபோல ஒன்று வந்தது, அவ்வளவுதான். அவள் பெட்டியைத் திருப்பினாள். தேங்காயெண்ணெய் மணத்துக்கு ஊரிலுள்ள எலிகள் எல்லாம் சொந்தபந்தத்தோடு வந்து, சபையை முந்திக்கொண்டு அசனம் நடத்திவிட்டுப் போயிருந்தன. மூலைத்தோல் ஒன்றுகூட மிச்சமில்லை.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் செல்வதாஸ் பிழைத்திருப்பார். ஒரு படுக்கைவிரிப்பை எடுத்துப் பெட்டிமேல் போர்த்திவிட்டு அடுக்களைக்குப் போனாள். அன்று புட்டு சத்தமில்லாமல் வெந்தது. துணி சத்தமில்லாமல் உலர்ந்தது. கோபத்தின் பாட்டாவது வரும் என்று அவர் வாசலில் வெகுநேரம் நின்று பார்த்தார். வீட்டுக்குள் ஆடிக்காற்று மட்டும் தன்பாட்டுக்கு வந்து, எதையோ தேடிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. காற்றாடிகளுக்கு நடுவே பாதி ஆயுசைக் கழித்தவருக்கு இரைச்சல் பழக்கம். அந்த அமைதியில் அவருக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

நான் சரியாக்கித் தருகிறேன் என்று கெஞ்சினார். பல தடவை கெஞ்சிய பிறகு ஒரு நாள் அவள் வாய் திறந்தாள்.

“இந்த வீட்டில நீங்க செஞ்சு கெட்டுப்போனது ஒண்ணயும் நான் தூரக் களயேல்ல. எல்லாம் இருக்கு. ஒவ்வொண்ணும் எதுனால கெட்டுதுண்ணு எனக்கிட்டச் சொல்லணும். ஆட்டுக்க மேலயோ வெயிலுக்க மேலயோ பழி போடப்பிடாது. சொன்ன பெறவு பெட்டியத் தொடுங்க.”

செல்வதாஸ் வீட்டுக்குள் வேட்டைக்குப் போனார். அவள் சொன்னது சரிதான். பப்படச் செருப்பு கோழிக்குத் தவிடு அள்ளும் கரண்டியாகியிருந்தது. ரப்பர் பால் பை பின்கதவு அடிக்காமல் இருக்க அண்டை கொடுத்துக்கொண்டிருந்தது. பகவதியப்பன் திருப்பித் தந்த பெல்ட் வாழைக்குலையை உத்தரத்தில் தாங்கிப் பிடித்திருந்தது. ஒரு வேத உறை, புத்தகத்தை விட்டுவிட்டு, திறந்த வாயோடு ஜன்னலில் வெயில் காய்ந்தது. எல்லாவற்றையும் மொட்டைமாடியில் கொண்டுபோய் வரிசையாகப் பரத்தினார். நடுவில் தானும் உட்கார்ந்தார். பார்த்தால் வழக்கு மன்றம் போலத்தான் இருந்தது, ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது தோலா தானா என்பது அவருக்குத் தெளிவாகவில்லை.

மத்தியான நேரம். பட்டறைகளில் உளிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுபோனது. வயல்களுக்கு மேலே, வடக்கே மலையைத் தொட்டுக்கொண்டு வெள்ளை மேகம் நகர்ந்தது. தூரத்தில் காற்றாடிகள் யாருக்கோ கைகாட்டிக்கொண்டிருந்தன. செல்வதாஸ் கண்ணை மூடினாரா இல்லையா என்பது அவருக்கே தெரியாது.

காற்றின்மேல் ஏறி ஆடுகள் வந்தன. கறுப்பு, வெள்ளை, செவலை, புள்ளி. நெல்நாற்றின் நுனிகளை மிதித்து, தென்னைமட்டைகளை மிதித்து, அவசரமே இல்லாமல் மாடிக் கைப்பிடிச் சுவரில் வந்து இறங்கின. ஒவ்வொன்றின் உடம்பிலும் ஒரு ஜன்னல் இருந்தது. தோல் வெட்டிய இடம். அதன் வழியாக அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. அவை தங்கள் தங்கள் துண்டைக் கண்டுபிடித்து மோந்து பார்த்தன. ஒரு வயசான கறுப்பு ஆடு வேத உறையின் பக்கத்தில் வந்து, கால்களை மடக்கிப் படுத்து, செல்வதாஸை ஏறிட்டுப் பார்த்தது.

“படுத்துக் கெடக்கும்போ அளவெடுத்தீரே ஓய்,” என்றது. “எழும்பி நிக்கும்போ ஒரு தடவ பாத்தீரா?”

எழுந்து நின்றும் காட்டியது. படுத்திருந்தபோது சுருங்கிக் கிடந்த முதுகுத்தோல், எழுந்ததும் வேறு நீளம், வேறு வளைவு. திறந்த புத்தகத்துக்கு ஒரு அளவு, மூடிய புத்தகத்துக்கு முதுகைச் சுற்றி வர இன்னும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத்தான் அவர் இத்தனை வருஷமும் விட்டுவைக்கவில்லை.

செவலை ஆடு பெல்ட்டிடம் போயிற்று. அதன் வயிற்றில்தான் ஜன்னல். அது கோபித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டே, தன் ஆயுள் முழுக்க முதுகு சும்மா இருந்தது, வயிறுதான் புல் தின்றால் பெருத்து, மூச்சுவிட்டால் இறங்கி, குட்டி சுமந்து நீண்டு, எந்நேரமும் வேலை செய்தது என்று சொல்லிற்று. வேலைசெய்து பழகிய வயிற்றை வெட்டி, ஒரு மனுஷன் இடுப்பில் அசையாமல் நில் என்றால் அது நிற்குமா? நிற்க வேண்டிய இடத்துக்கு முதுகை எடுத்திருக்க வேண்டும் என்றது. தேங்காயெண்ணெய்க் கதையைக் கேட்டதும் எல்லா ஆடுகளும் சேர்ந்து சிரித்தன. ஆடுகள் சிரிக்கும்போது தாடி எப்படி ஆடும் என்று செல்வதாஸ் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

கண் விழித்தபோது கொடியில் துணி எடுக்கத் தேவகனி வந்திருந்தாள். அவர் கிடந்த கோலத்தைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்று இடுப்பில் செருகியிருந்த கூட்டைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள். அப்போதுதான் அந்தக் கூடு செல்வதாஸின் கண்ணில் பட்டது. அதுவும் அவர் தைத்ததுதான். வயிற்றுத்தோலின் கடைசிச் சீவல். விறைப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்ததால், வெட்கப்பட்டு, குப்பையில் போடு என்று அவர் சொன்ன சாமான். அவள் போடவில்லை. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு லட்சம் தடவை அதைத் திறந்து மூடுகிறாள்.

கையை நீட்டி வாங்கினார். மடிப்பைப் பிரித்தார், மூடினார், மறுபடியும் பிரித்தார். ஒரு கீறல் இல்லை. எண்ணெய் பார்க்கவில்லை, வெயில் பார்க்கவில்லை. அவள் விரல் பட்டுப் பட்டுக் கன்றுக்குட்டியின் காதுபோல இருந்தது.

மாடியில் உட்கார்ந்தபடியே அவர் சொல்லத் தொடங்கினார். உறை மூடாதது, மடிப்புக்கு நான் இடம் விடாததால். பெல்ட் நீண்டது, வயிற்றுத்தோலை நான் எடுத்ததால். பை அறுந்தது, தோலைவிடக் கூர்மையான நூலை நான் போட்டதால். செருப்பு விறைத்தது, நான் நனைத்ததாலும் நிழலில் விடப் பொறுமை இல்லாததாலும். எலிக்கு இலை போட்டது நான். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘நான்’ வந்தது. அவர் கதைகளிலும் ‘நான்’ நிறைய வரும், ஆனால் இது வேறு ‘நான்’. தேவகனி கொடியில் சாய்ந்து நின்று கடைசிவரை கேட்டாள். துணிகள் அவளைச் சுற்றிப் படபடத்தன.

“பத்தால வகுத்தாலும் கொஞ்சம் மிச்சம் வருகு,” என்றாள். பெட்டியைத் தொட உத்தரவு கிடைத்துவிட்டது.

அதன்பிறகு நடந்த வேலையைச் செல்வதாஸ் கூட்டிச் சொல்வதே இல்லை, அதுதான் ஆச்சரியம். பகவதியப்பனின் பட்டறையில் கல்லில் தீட்டித் தீட்டி, கத்தியில் முகம் பார்க்கலாம் என்கிற பதம் வந்த பிறகே தோலில் வைத்தார். அசையாத இடங்களுக்கு முதுகு. மூச்சுவிட வேண்டிய மூலைகளுக்கு வயிறு. துருத்தியை முழுக்கத் திறந்து வைத்து அளந்தார், மூடி அளந்தார், பாதி திறந்தும் அளந்தார். அப்படியும் முதல் மூலை பழைய புத்தியில் இறுக்கமாகவே வந்தது. ஆட்டைத் திட்ட வாயெடுத்து, செவலையின் முகம் ஞாபகம் வந்து, வாயை மூடிக்கொண்டு மறுபடி வெட்டினார். விளிம்புகளை வெங்காயச் சருகுபோலச் சீவி, ஆசாரிமார் காய்ச்சுகிற வச்சிரப் பசையால் ஒட்டி, நிழலில் வைத்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்க்காமல் இருக்க வெளியே போய் உட்கார்ந்தார். துருத்தியின் பின்பலகையில் காற்று நுழைய ஓட்டைகள் உண்டு. உள்ளே போன காற்று திரும்பி வராமல் தடுக்க, அவற்றின் உள்பக்கம் ஒரு தோல் மடல் கதவுபோலத் தொங்கும். அதையும் புதிதாக மாற்றினார்.

முடிந்ததும் தேவகனி வந்து பார்த்தாள். மூலைகளை விரலால் தடவினாள். ஆனால் துருத்தியை இழுக்கவில்லை. அசனத்தன்று ஊருக்கு முன்னால் கிழிந்துபோனால் என்ன செய்வது, அசனம் கழிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லி விரிப்பை மறுபடி போர்த்திவிட்டாள். வீடு அமைதியாகவே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் உறங்கும்போது செல்வதாஸ் பெட்டியைச் சுமந்து கோயிலுக்குப் போனார். அதன் இடத்தில் வைத்து அது எப்படிக் கேட்கிறது என்று தான் மட்டுமாவது கேட்க வேண்டும். புழுக்கத்துக்குப் பக்கக் கதவை அகலத் திறந்தார். கதவுக்கு முதுகைக் காட்டிப் பெட்டியைப் பெஞ்சில் வைத்தார். துருத்தியின் கொக்கியைக் கழற்றினார். கட்டையைத் தொடாமலே ஒரே சுதி ஓடிக்கொண்டிருப்பதற்கு முன்பக்கம் ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்துவிட்டு, உட்கார ஒரு நாற்காலி எடுக்கப் போனார்.

காற்று வந்தது. ஆடியில் கணவாயைத் தாண்டி வருகிற காற்று ஆளைத் தள்ளும், சைக்கிளைச் சாய்க்கும். அது கதவு வழியே நுழைந்து பின்பலகையில் மோதியது. துருத்தி, உறங்குகிறவரின் நெஞ்சுபோல மெதுவாக எழும்பியது. உள்ளே மடல் விலகியது. ஓட்டைகள் வழியாகக் காற்று போய் நிறைந்தது.

பெட்டி பாடியது.

ஒரே ஒரு சுதி. நீளமாக, கரையே இல்லாமல். நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கியபடி செல்வதாஸ் நடுக்கோயிலில் நின்றார். ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்த தூசிகூட அந்தச் சுதிக்குக் கட்டுப்பட்டு நின்றதுபோல இருந்தது. வருஷக்கணக்கில் அவர் காற்றைப் பிடித்து மின்சாரமாக்கி எங்கெங்கோ அனுப்பிக்கொண்டிருந்தார். அதற்கு இப்படி ஒரு குரல் உண்டு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. காற்று இறங்க, சுதி மெலிந்து, கடைசி இழையும் போன பிறகுதான் அவர் நாற்காலியைக் கீழே வைத்தார். உட்காரவும் மறந்துபோயிருந்தது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகவும்தான்.

இப்படி ஒன்று நடந்தால் அவரைப் போன்ற ஒருவரால் மறுநாள் வேப்பமரத்தடியில் சும்மா நிற்க முடியுமா?

தேவகனி கள்ளம் என்று சொல்லிவிட்டு நடந்த அந்த ஞாயிறு பகல் முழுவதும் அவர் இதையே நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னக் காற்று வந்தது, பெட்டி லேசாக முனகியது என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். உள்ளதைச் சொல்லும்போதுதான் பத்தால் வகுத்துச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? இனி அவள் தொடமாட்டாள். தோல் பிழைத்துக்கொண்டது, பாட்டு போய்விட்டது.

சாயங்காலம் பெண்கள் சங்கத்தார் பாட்டுப் பழகக் கோயில் நடையில் கூடியிருந்தார்கள். பெட்டியை எடுத்துப் போக தேவகனி விரிப்போடு வந்தாள். சங்கத்தின் செயலாளர் ரெஜிலா, அக்கா இல்லாமல் எப்படிப் பாடுவது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே தேவகனி உள்ளே போனாள். செல்வதாஸும் பின்னாலேயே போனார். பெட்டியை நேற்று வைத்த மாதிரியே கதவுக்கு முதுகு காட்டி வைத்து, கொக்கியைக் கழற்றி, குமிழை இழுத்துவிட்டு, சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

தேவகனி நியாயக்காரி. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. பத்து வருஷமாகப் பின்னாலேயே திரிந்த காற்று, தேவைப்பட்ட நேரத்தில் எங்கே போய்ப் படுத்துக்கொண்டதோ. வெளியே பெண்கள் கிசுகிசுத்தார்கள். மதிலில் பகவதியப்பனின் தலை தெரிந்தது.

“போதும்,” என்று தேவகனி விரிப்பை உதறிப் பிரித்தாள்.

பிரித்த விரிப்பு கீழே இறங்கவில்லை. பாய்மரம்போல உப்பிக்கொண்டு அவள் கையிலேயே நின்றது. கதவு சுவரில் மோதியது. விரிப்புக்கு அடியில் துருத்தி எழும்பியது, அதன்பின் அந்தச் சுதி வந்தது. முதலில் தூரத்தில் யாரோ கூப்பிடுவதுபோல, பிறகு பக்கத்தில், பிறகு கோயில் முழுக்க.

அவள் விரிப்பை விட்டுவிட்டாள். அது பறந்து பலிபீடத்துப் படியில் போய் விழுந்தது. குனிந்து, காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்ப்பதுபோல, துருத்தியின் மூலையில் உள்ளங்கையை வைத்தாள். தோல் அவள் கைக்குக் கீழே ஏறியது, இறங்கியது. ஒரு இடத்திலும் இழுக்கவில்லை, ஒரு இடத்திலும் காற்று கசியவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் செல்வதாஸ் அவள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அது கேட்டது. சுதிக்கு அடியில் இன்னொரு சுதி. மூக்குக்குள்ளிருந்து, அவளுக்கே தெரியாமல் வருகிற முனகல்.

காற்று தளர்ந்தது. சுதி மெலியத் தொடங்கியது. அது அறுந்துபோவதற்கு முன்னால் தேவகனியின் கை தானாகப் போய்த் துருத்தியைப் பிடித்து இழுத்தது. காற்று விட்ட இடத்தில் அவள் எடுத்துக்கொண்டாள். மறுகை கட்டைகளில் இறங்கியது. அசனத்தின் பாட்டு முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை போய் முடிந்தது. நடையில் நின்ற பெண்கள் இரண்டாம் அடியிலேயே சேர்ந்துகொண்டார்கள்.

முடிந்ததும் அவள் வெளியே வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ரெஜிலா முதலில் கேட்டாள்.

“அக்கா, தொடக்கத்தில நீளமா ஒரு சத்தம் வந்துதே. அப்பம் ஒங்க ரெண்டு கையும் விரிப்பிலதானே இருந்து. அது ஆரு?”

தேவகனி திரும்பிக் கணவரைப் பார்த்தாள். செல்வதாஸ் வாயைத் திறக்கப் போனார்; அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“காத்து,” என்றாள். “இண்ணைக்குக் காலத்த மரத்தடியில அவிய சொன்னது உள்ளதுதான். நடந்தது. நானே கண்டேன், கேட்டேன். இந்த ஒரு தடவ மட்டும் பத்தால வகுக்காண்டாம்.”

மதிலிலிருந்து பகவதியப்பன் கேட்டார். “அப்பம் அந்த ஆடு?”

தேவகனி இடுப்பில் இருந்த கண்ணாடிக் கூட்டை ஒரு தடவை திறந்து மூடினாள்.

“ஆடும் உள்ளதுதான்,” என்றாள்.